லாபம், ரெண்டு, மூணு

டொரொண்டோவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஒருநாள் காலை மாப்பிள்ளையின் தம்பி சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புக் கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றிப்போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் காகிதத்தோடு சுருட்டப் பார்த்தான். ‘இரு, இரு’ என்று எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். உலர்ந்த இலையை எரிக்காமல் சூடுமட்டும் காட்டி, அதிலிருந்து எழும் ஆவியை இழுக்கிற சாதனம். பாட்டரியில் ஓடுகிறது. இலை என்ன இலை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 2018 அக்டோபரிலிருந்து அந்த நாட்டில் கஞ்சா சட்டத்துக்கு உட்பட்டது. இங்கே இலைக்கு 1985 சட்டம் இருக்கிறது. எரிக்காமல் சூடாக்கும் புகையிலைக் கருவிகளை மின்சிகரெட்டோடு சேர்த்து 2019ல் தடைசெய்த சட்டம் வேறு இருக்கிறது. இதையெல்லாம் பேச எனக்கு அப்போது மனமில்லை. என் கண் அவன் கையில் இருந்தது.

சின்னத் தூரிகையால் இலை வைக்கும் குழியைத் தட்டினான். பழுப்பேறிய தூள் கொட்டியது. கருகவில்லை, சாம்பலாகவும் இல்லை. சல்லடை போன்ற ஒரு வட்டத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கண் அடைத்திருக்கிறதா என்று பார்த்தான். வாய் வைக்கும் குழாயின் உட்புறத்தைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தான். பஞ்சு தேன்நிறமாக வந்தது. ‘சுத்தம் பண்ணலேன்னா ருசி கெட்டுடும், மாமா. இழுக்கவும் வராது’ என்றான். கருவியின் பக்கவாட்டில் ஓர் எண் ஒளிர்ந்தது: 185. அதற்குக் கீழே மிகவும் இறங்கினால் ஒன்றும் எழாது, மேலே மிகவும் ஏறினால் இலை எரிந்துபோகும், இரண்டுக்கும் நடுவில்தான் வித்தை எல்லாம் என்றான்.

‘தணலுக்கு மேல சாம்பல் போடறதுதான் இது’ என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கவும் அன்று எனக்கு வாய் வரவில்லை. இதை அந்த விளக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஒரு செப்பு இருந்தது. மூச்சுச் செப்பு என்று அம்மா பெயர் வைத்திருந்தாள். திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பா ஒரு நெல் அரவை மில்லில் கணக்கு எழுதினார். மில் என்றால் நெல் அவிக்கும் தொட்டியின் புளித்த ஆவி, களத்தில் கிளறக் கிளற எழும் தூசி, உமி எரியும் அடுப்பின் புகை. இருபது வருஷம் இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து பேரேட்டில் வரிசை வரிசையாக எண் எழுதியவருக்கு மார்பில் இழுப்பு வந்து குடியேறியதில் ஆச்சரியம் இல்லை. அவர் அப்பாவுக்கும் அது இருந்தது என்பார்கள். இன்று எனக்கும் இருக்கிறது.

இழுப்புக்கும் எங்கள் பக்கத்து வேளாண்மைக்கும் ஒரே பஞ்சாங்கம். ஆடுதுறை 27 வந்து குறுவை பெருகிய வருஷங்கள் அவை. புரட்டாசி ஐப்பசியில் மழையோடு அறுவடை. ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பிரித்து உதறும்போது வெள்ளைப் புகைபோல ஒன்று எழும். அது மார்புக்கு நஞ்சு. பிறகு மார்கழிப் பனி. அது விலகுவதற்குள் தையில் சம்பா அறுவடை, களத்துச் சுணை. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆற்றில் புதுவெள்ளம் வரும் ஆனி ஆடியில்தான் அப்பா மல்லாந்து படுத்துத் தூங்குவார். மற்ற மாதங்களில் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே விடியவிடுவார்.

பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் ஊமத்தை இலையை நிழலில் உலர்த்திச் சுருட்டாகச் சுருட்டிப் புகைக்கச் சொல்லியிருந்தார். தமிழ்நாட்டு வைத்தியத்தில் பழைய முறை. அப்பா இரண்டு நாள் முயன்றார். புகை உள்ளே போனதும் இருமல் வெடித்தது. இருமலில் இழுப்பு கூடியது. மருந்து எந்த வழியாக வர வேண்டுமோ அந்த வழியையே புகை அடைத்துவிட்டது. சுருட்டை எறிந்துவிட்டு யோசித்திருக்கிறார். சாம்பிராணி போடும்போது நெருப்பு கொழுந்துவிட்டால் கரிந்த நாற்றம். நீறு பூத்த தணலில் போட்டால் வாசனை. இலைக்கும் அப்படித்தானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கும்பகோணத்தில் ஒரு கன்னாரிடம் சொல்லி அந்தச் செப்பைச் செய்துகொண்டார். எலுமிச்சம்பழம் இரண்டு அடுக்கிவைத்த உயரம். மூன்று பாகம். அடியில் தணல் போடும் கிண்ணம், சுற்றிக் காற்றுத் துளைகள். அதன்மேல் கனத்த பித்தளைத் தட்டு, இலை வைக்க. மேலே குமிழ் மூடி. மூடியின் பக்கத்தில் ஒரு மூக்கு. மூக்கில் சாண் நீள மூங்கில் குழல். கொட்டாங்கச்சிக் கரியைக் கனியவைத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே சலித்த சாம்பலைத் தூவிப் போர்த்த வேண்டும். எவ்வளவு சாம்பல் என்பதில்தான் எல்லாம். குறைந்தால் தட்டு கனன்று இலை கருகும். மிகுந்தால் இலை சும்மா கிடக்கும். சரியாக இருந்தால் இலை கருகாமல் மெல்லப் பழுக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒன்று எழும். அதைக் குழலில் மெதுவாக உறிஞ்சுவார். மடியில் கட்டி மில்லுக்கும் எடுத்துப்போவார்.

செலவு எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ. அந்த மாதம் அரிசிக்குக் கடன். நெல் வாங்கி வரச்சொல்லி மனைவி கொடுத்த தாலியைக் குங்கிலியப் பொதிக்கு மாற்றிவிட்டு வந்தவர் திருக்கடையூர்க் குங்கிலியக்கலய நாயனார். ‘அவரு வீட்டுலதான் என்னையும் கட்டிக் குடுத்திருக்காங்க’ என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். திருவையாற்றுக் கோவிலில் தெற்கு வாசலில் ஆட்கொண்டாருக்கு முன்னால் குங்கிலியக் குண்டம் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் குங்கிலியம் வாங்கிப் போடுவார்கள். அந்தப் புகை அப்பாவுக்கு ஆகாது. எனவே கிழக்கு வாசலோடு போய்த் திரும்பிவிடுவார். எமனிடமிருந்து காப்பாற்றுகிறவர் என்று ஊர் கையெடுக்கும் சந்நிதி. ‘எனக்கு அந்த வழியில போனாத்தான் எமன்’ என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

செப்பைப் பராமரிப்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. காலையில் மூன்று பாகத்தையும் கழற்றிப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்ப்பேன். தட்டில் அரக்கு மாதிரி ஒட்டியிருக்கும் பிசினைக் கொட்டாங்கச்சிச் சில்லால் சுரண்ட வேண்டும். மூங்கில் குழலுக்குள் தென்னை ஈர்க்கில் துணி சுற்றி விட்டு இழுத்தால் கறுப்பாக வரும். அந்தத் துணியைக் கிணற்றடியில் போடக்கூடாது, மாடு வாய் வைத்துவிடும். குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையை மூன்று தரம் கழுவ வேண்டும். ஒருநாள் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். ஒரு கண்ணில் பாப்பா அகன்று நாள் முழுக்க வெளிச்சம் குத்தியது. அந்த இலையின் மேல் எனக்குப் பயம் வந்தது அன்றுதான்.

இலையை அளப்பதும் நான்தான். அப்பாவின் மூன்று விரல் சிட்டிகைக்கு என் சிட்டிகை இரண்டு என்பது எங்களுக்குள் ஏற்பட்ட கணக்கு. அதற்குமேல் கூடாது. விதை ஒன்றுகூடக் கலக்கக்கூடாது. இந்த இரண்டு விதியையும் அப்பா ஒரே ஒரு முறைதான் சொன்னார். கணக்கு எழுதுகிறவர், எதையும் இரண்டாம் முறை சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

1966 மார்கழியில் ஓர் இரவு. நான்கு நாளாக இழுப்பு. வீட்டில் யாரும் தூங்கவில்லை. இரவு இரண்டு தரம் செப்பு வைத்தாயிற்று. மூன்றாம் தரம் எழுப்பினார். அவர் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை இப்போதும் என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. பூனைக்குட்டி என்பார்கள், துருத்தி என்பார்கள். அது ஒரு மனிதன் மூச்சு கிடைக்காமல் இருக்கும் சத்தம். எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதிவந்தேன். பயமோ பரிதாபமோ இல்லை, எரிச்சல். தூங்க வேண்டும். ஒரேயடியாக நிறையப் போட்டுவிட்டால் இது நிற்கும், நான் படுக்கலாம். பழைய ஜாடியில் தூள் தீர்ந்திருந்தது. புதிதாக உலர்த்தி இன்னும் சலிக்காத ஜாடியிலிருந்து கைநிறைய அள்ளித் தட்டில் வைத்தேன். அதில் முள்ளுக்காய் உடைந்து கிடந்ததை விரல் உணர்ந்தது. உணர்ந்தும் வைத்தேன். பிறகு படுத்துவிட்டேன்.

அம்மாவின் குரல் கேட்டு எழுந்தபோது அப்பா கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இழுப்பு நின்றிருந்தது. முகம் சிவந்து காய்ந்திருந்தது. கண்கள் முழுக்கக் கறுப்பு. இரண்டு கையாலும் எதையோ அள்ளினார், கவிழ்த்தார், அள்ளினார், கவிழ்த்தார். உதடு ஒட்டிக்கொண்டு சொல் வரவில்லை. குனிந்து கேட்டால், அளக்கிறார். நெல் அளக்கிறார். எங்கள் பக்கத்தில் மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் மரக்கால் ‘லாபம்’. பிறகுதான் ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அப்பா ‘லாபம்’ என்றார். கவிழ்த்தார். மறுபடி ‘லாபம்’. மறுபடியும் ‘லாபம்’. இரண்டுக்குப் போகவே முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அழிந்து முதல் மரக்காலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, ‘சாக்கப் பிடிடா’ என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்து, இல்லாத சாக்கை அவர் முன்னால் பிடித்தேன். விடியும்வரை பிடித்திருந்தேன்.

காலையில் அடுத்த ஊரிலிருந்து டாக்டர் சைக்கிளில் வந்தார். நாடி பார்த்தார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். ‘ஊமத்தையா?’ என்று மட்டும் கேட்டார். அம்மா தலையாட்டினாள். யார் எவ்வளவு வைத்தது என்று அவர் கேட்கவில்லை. இருட்டு அறையில் படுக்கவைத்து, தனியே விடாமல், ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். ஊசி ஒன்று போட்டார். இரண்டாம் நாள் அப்பா தெளிந்தார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பின்னாளில் நான் படித்தவற்றில் இரண்டு மூன்று இங்கே பொருந்தும்.

ஊமத்தை என்ற சொல்லே உன்மத்தத்திலிருந்து வந்தது. தேவாரத்தில் சிவன் தலையில் கொன்றையோடும் பிறையோடும் மத்தம் இருக்கிறது. அது இந்தப் பூதான். பைத்தியத்தைத் தலையில் சூடியவனை இந்த ஆற்றங்கரையில் ஊருக்கு ஊர் கோவில் கட்டிக் கும்பிடுகிறோம். செடியை வேலியோரம் பார்த்தால் பிள்ளைகளை விலக்கி அழைத்துப்போகிறோம். இரண்டும் ஒரே அறிவுதான் என்று தோன்றுகிறது.

செடியில் இருக்கும் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் மூச்சுக்குழாயைச் சுருக்கச் சொல்லும் நரம்பின் கட்டளையைத் தடுக்கின்றன. சுருங்கிய தசை தளர்கிறது, காற்று போகிறது. அதே பொருள் ரத்தத்தில் கூடினால் எச்சில் வற்றுகிறது, பாப்பா அகலுகிறது, இதயம் ஓடுகிறது. மூளைக்குள் புகுந்து நிஜத்தை அழிக்கிறது. மருந்து ஓரிடத்திலும் நஞ்சு வேறோரிடத்திலும் அந்த இலையில் இல்லை. இருப்பது ஒரே பொருள். வித்தியாசம் அளவு. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம், இலைக்கும் விதைக்கும் அந்தப் பொருள் கூடியும் குறைந்தும் இருப்பதால் அளவைச் செடி சொல்லித்தராது. இதைப் படித்து யாரும் வேலியோரம் போக வேண்டாம்.

இந்தப் புகை ஐரோப்பாவுக்குப் போனது நம் கடற்கரையிலிருந்துதான். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இழுப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் முறையை இங்கே அறிந்து பிறருக்குச் சொன்னார். 1802ல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். எடின்பரோவில் டாக்டர் ஸிம்ஸ் கையில் சேர்ந்தது. அங்கே நம் செடி கிடைக்காதபோது அதன் இனத்துச் செடியை வைத்துப் புகைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இழுப்புச் சிகரெட்டும் இழுப்புப் பொடியும் மேற்கில் மருந்துக்கடைச் சரக்காகிவிட்டன. அதே 1802ல் தஞ்சையில் சரபோஜி ஆண்டுகொண்டிருந்தார். தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் சீமை வைத்தியமும் தெரிந்தவர்களை வைத்து முறைகளைச் சோதிக்கச்செய்தார். அவற்றைப் பின்னாளில் சரசுவதி மகால் நோய்வாரியாக அச்சிட்டது. ஆண்டர்சனின் முறை கப்பலேறி உலகைச் சுற்றியது. சரபோஜியின் முறைகள் சுவடியில் தங்கின. இதில் யாரையும் குறைசொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. இழுப்புக்காரன் எந்தக் கப்பலில் வந்த காற்றையும் வாங்கிக்கொள்வான்.

நம் வட்டத்தில் மார்ஸல் ப்ரூஸ்ட்டின் தக்கை பதித்த அறையைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. உலகத்தைச் சத்தத்திலிருந்து விலக்கிவைத்து நினைவுக்குள் இறங்கிய கலைஞன் என்ற சித்திரம் நமக்குப் பிடித்திருக்கிறது. அந்த அறையில் லெக்ராஸ் பொடியை எரித்துப் புகைமூட்டம் போட்டுக்கொண்டு மூச்சுக்குத் தவித்த மனிதர் அவர். எஸ்பிக் சிகரெட்டும் பிடித்திருக்கிறார். அவை ஊமத்தைக் குடும்பத்துச் சரக்கு. ஆறு மணி நேரம் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நினைவு என்பது இலக்கியக் கோட்பாடு இல்லை, விடியும்வரை செய்ய வேண்டிய வேலை. அப்பா அந்த நேரங்களில் பழைய பேரேடுகளை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பார். எந்த வருஷம் எந்த மிராசுக்கு எத்தனை கலம் என்று. அவர் ப்ரூஸ்ட் இல்லை. அவரிடமிருந்து ஒரு வரிகூட இலக்கியம் பிறக்கவில்லை. ஆனால் மூச்சு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் நின்றது.

நோயை உருவகமாக்காதீர்கள் என்று சூசன் ஸாண்டாக் 1978ல் எழுதினார். காசநோயையும் புற்றுநோயையும் வைத்துச் சொன்னது. தமிழில் நாம் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1948ல் காசநோயில் புதுமைப்பித்தன் இறந்ததை இன்னும் கலைஞன் செலுத்திய விலையாகத்தான் பேசுகிறோம். கவிதைக்கு மூச்சு என்கிறோம், மொழியின் சுவாசம் என்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். எழுதிய அந்த வரிகளை இப்போது பார்த்தால், மூச்சு தடையில்லாமல் வந்துபோன வயதில் எழுதியவை என்று தெரிகிறது.

சம்பவத்துக்குத் திரும்புகிறேன். தெளிந்த பிறகும் அப்பாவுக்குக் கண் சரியாகவில்லை. தூரத்துத் தென்னை தெரிந்தது. மடியில் இருந்த பேரேடு தெரியவில்லை. அந்த மருந்து கண்ணின் உள்தசையையும் தளர்த்திவிடும், பக்கத்துப் பொருளில் பார்வை குவியாது என்று பிறகு அறிந்தேன். மில்லில் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் பேரேட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படித்துச் சொல்வேன், அவர் வாயால் கூட்டுவார், நான் எழுதுவேன். நான் ஏதாவது ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. நான்கு நாள் அப்படி உட்கார்ந்தோம். அந்த இரவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். என்ன பொய் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்: ஜாடி மாறிப்போச்சு, இருட்டு.

ஐந்தாம் இரவு மறுபடி இழுப்பு எடுத்தது. அம்மா செப்பைப் பரண்மேல் தூக்கிப் போட்டிருந்தாள். அப்பா அதை இறக்கச் சொன்னார். அம்மா அழுதாள். ‘வேற என்ன இருக்கு, சொல்லு’ என்றார். வாஸ்தவத்தில் வேறு ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்தில் வண்டி கிடையாது. தணல் போட்டு, சாம்பல் தூவி, செப்பை என் பக்கம் நகர்த்தினார்.

‘போடுடா.’

எனக்குக் கை நடுங்கியது. சலித்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கண்ணுக்கு அது தெரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

‘எவ்வளவு போட்ட?’

‘ஒண்ணு.’

‘என்னோடதா, உன்னோடதா?’

‘என்னோடது.’

‘சரி. லாபம்னு சொல்லணும்’ என்றார். மூடியை வைத்துக் குழலை வாயில் வைத்துக்கொண்டார்.

‘லாபம்’ என்றேன். பிறகு ‘ரெண்டு’ என்று இன்னொரு சிட்டிகை வைத்தேன். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணித்தான் இலை வைத்தேன். மூணு என்று சொல்ல நேர்ந்ததில்லை.

அன்று என்னைத் தண்டித்தாரா, மன்னித்தாரா என்று ஐம்பது அறுபது வருஷமாக யோசிக்கிறேன். இரண்டும் இல்லை என்றுதான் இப்போது படுகிறது. அவருக்கு மூச்சு வேண்டியிருந்தது, அளக்க ஒரு கை வேண்டியிருந்தது, அவர் கண் முன்னால் இருந்தது என் கைதான். அவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. சலிக்காத ஜாடியில் பாதி குறைந்திருந்ததைக் கணக்கெழுதுகிறவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நம்புவது கடினம்.

பின்னால் சால்பியூட்டமால் மாத்திரை வந்தது. செப்பு ஓய்ந்தது. அப்பா 1981ல் இறந்தார். இழுப்பினால் இல்லை, இதயத்தால்.

எனக்கு இழுப்பு ஐம்பத்தைந்து வயதுக்குமேல் வெளிப்பட்டது. டாக்டர் ரோட்டாஹேலரும் மாத்திரைக்குப்பிகளும் கொடுத்தார். இரு பாதியாகத் திருகித் திறக்கும் ஒளி ஊடுருவும் குழல். உலர்ந்த பொடி அடைத்த குப்பியை அதன் சதுரத் துளையில் செருகி, அடிப்பாகத்தைத் திருப்பினால் குப்பி உடையும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வாயில் வைத்து வேகமாக ஆழ்ந்து இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். தணலும் இல்லை, பாட்டரியும் இல்லை. என் மூச்சின் வேகம்தான் பொடியைக் கிளப்புகிறது. இழுப்பே வராதவனுக்குத்தான் இது எளிது என்று முதல் நாள் நினைத்தேன். பழகிவிட்டது. வாரம் ஒருமுறை கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். ஈரம் இருந்தால் பொடி சுவரில் ஒட்டிக்கொள்ளும், மருந்து உள்ளே வராது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊர்க் காற்றில் எதுவும் உலராது. எனவே இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஜன்னலில் காயும், ஒன்று பையில் இருக்கும். குப்பிகளைப் புட்டியில் இறுக மூடி, குளியலறைப் பக்கம் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறேன். குழலுக்குள் ஈர்க்கு விட்டுத் துடைக்கக் கை பரபரக்கும். கூடாது.

குப்பியில் இருப்பது டியோட்ரோபியம். எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அட்ரோபினின் மூலக்கூறை எடுத்து, அது மூளைக்குள் எளிதில் புக முடியாதபடி மாற்றி, முதலில் இப்ரட்ரோபியம் செய்தார்கள். பிறகு அதே வழியில், ஒரு நாள் முழுக்க நிற்கும்படி இது. மூச்சுக்குழாயைத் திறக்கிற வேலை இருக்கிறது, உன்மத்தம் போய்விட்டது. மத்தம் நீக்கிய ஊமத்தை. ஒரு குப்பிக்கு 18 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். எவன் சிட்டிகையிலும் அகப்படாத அளவு. அரைத்தூக்கத்தில் ஒரு பையன் எரிச்சலோடு கைநிறைய அள்ளிப்போட அதில் இடமே கிடையாது.

இதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். ‘அந்தக் காலத்துச் செப்பில் ஓர் உறவு இருந்தது, குப்பியில் அது இல்லை’ என்று எழுதி முடிக்க ஆசை வருகிறது. அப்படி எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அந்த உறவின் பேரில் நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் உயிரைப் பதினொரு வயதுத் தூக்கத்திடம் ஒப்படைத்த ஏற்பாடு அது. அளவைக் கையிலிருந்து பிடுங்கிக் குப்பியில் அடைத்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடன்பட்டிருக்கிறேன் என்பதோடு இன்னொன்றும் உண்மை: தினம் காலையில் குப்பி ‘டக்’கென்று உடையும்போது, என் கையை யாருக்கும் தேவைப்படவில்லை என்பதும் சேர்ந்து கேட்கிறது.

டொரொண்டோப் பையன் தன் கருவியைத் திரும்பப் பூட்டிவிட்டு, ‘நம்பர் செட் பண்ணிட்டா போதும், மாமா. அதுவே பாத்துக்கும்’ என்றான். சூட்டை அது பார்த்துக்கொள்ளும். எவ்வளவு இலை என்பதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க நினைத்தேன். அவன் இலையை எடுத்தபோது பார்த்தேன். ஒரு சின்னச் சிட்டிகை. விளிம்பில் ஒட்டியதைக்கூட வழித்துக் குழிக்குள் தள்ளினான். கவனமான கை. ஒன்றும் கேட்கவில்லை.

செப்பு என்னிடம்தான் இருக்கிறது. மூங்கில் குழல் செல்லரித்துப் போய்விட்டது. பித்தளை மட்டும். பொங்கலுக்கு விளக்குகளோடு அதையும் புளி போட்டுத் தேய்க்கிறேன். போன பொங்கலுக்குப் பேத்தி உடன் உட்கார்ந்து, இது எதற்கு என்று கேட்டாள். ‘தாத்தாவோட அப்பா மூச்சு விடறதுக்கு’ என்றேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூக்கை வைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரைநூற்றாண்டு தேய்த்தாயிற்று, அதில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கிணற்றடிக்கு அழைத்துப்போய் அவள் கையை மூன்று தரம் கழுவிவிட்டேன். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்று என்றுதான் ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.